கடல் கடந்த ஒரே சீட்டு

திருச்சிற்றம்பலம்



சிங்கப்பெருமாள் கோவில் என்னும் இவ்வூர், குன்றைக் குடைந்தமைத்த திருக்கோயிலில் நெற்றிவிழியோடு எழுந்தருளியிருக்கும் பாடலாத்திரி நரசிங்கப் பெருமானால் பெயர் பெற்றது. இவ்வூர்ப் புகைவண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், நம்பியாரூரர் பாடிய திருக்கச்சூர் ஆலக்கோயில் இருக்கின்றது. திருக்கழுக்குன்றத்தை வணங்கிக் காஞ்சிக்குச் செல்லும் வழியில் நம்பியாரூரர் இத்தலத்தை அடைந்தார். அப்போது உச்சிவேளை. அமுது சமைக்கும் பரிசனம் இன்னும் வந்து சேரவில்லை. பசியால் களைத்திருந்த தோழரைக் கண்ட பெருமான், அந்தணர் வடிவங்கொண்டு, கையில் ஓடேந்தி, சுடுகின்ற வெயிலில் அவ்வூர் வீடுதோறும் சென்று இரந்து, சோறும் கறியும் கொணர்ந்து அளித்தருளினார் என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாறு.

அந்த நம்பியாரூரரே பின்னொரு காலத்தில் இராமேசுவரத்தை வழிபட்டபோது, கடலுக்கு அப்பால் ஈழநாட்டு மாதோட்டத்தில் விளங்கும் திருக்கேதீச்சரத்தை அங்கிருந்தவாறே வணங்கிப் பதிகம் பாடினார். அவருக்கு முன்னரே ஆளுடைய பிள்ளையாரும் இராமேசுவரத்தில் இருந்துகொண்டே கேதீச்சரத்தையும் கோணமாமலையையும் பாடிப் பரவினார். தமிழகத்துச் சைவருக்கும் ஈழத்துச் சைவருக்கும் இடையே கடல் ஒன்று கிடந்தாலும், திருமுறை அக்கடலை எல்லையாகக் கொள்ளவில்லை என்பதற்கு இப்பதிகங்களே சான்று.

பாட்டினால் கடந்த அக்கடலை உடம்போடு கடப்பதற்கு நம் முன்னோர் பட்ட பாடு பெரிது. அப்பாடு ஒருகாலத்தில் பெரிதும் நீங்கியது. திருக்கச்சூருக்கு அருகே, இவ்வூரின் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில், எழும்பூர் நிலையத்தில் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு ஏறியவர், அச்சீட்டினைக் கொண்டே கப்பலிலும் ஏறி, கடலுக்கப்பால் மறுவண்டியிலும் ஏறிக் கொழும்பு சென்றடைந்தார். ஒரு துண்டு அட்டைக்குள் இரண்டு நாடும் ஒரு கடலும் அடங்கியிருந்தன. அச்சீட்டின் வரலாற்றையும், அது யாருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதையும், அது ஏன் இல்லாமற் போயிற்று என்பதையும் இங்குச் சிந்திப்போம்.

மரக்கலத்திலிருந்து நீராவிக் கப்பலுக்கு

ஈழத்துச் சைவர்க்குச் சிதம்பரம் உயிர்த்தலம். மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து அடியார்கள் மரக்கலங்களில் புறப்பட்டு, வேதாரணியத்திலும் நாகப்பட்டினத்திலும் கரையிறங்கி, அங்கிருந்து கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் தில்லைக்கு வருவது வழக்கம். அவர்கள் தங்குவதற்கென்றே சிதம்பரத்தில் மடங்கள் எழுந்தன. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒரு காலை யாழ்ப்பாணத்திலும் ஒரு காலைத் தில்லையிலும் ஊன்றி அவர் வாழ்ந்த காலம், காற்றை நம்பிப் பாய் விரித்த காலம். காற்று மாறினால் பயணம் நின்றுவிடும். போகுமுன் உயில் எழுதிவைத்துச் சென்ற அடியாரும் உண்டெனப் பெரியோர் கூறக் கேட்டிருக்கின்றோம்.

1876-இல் தென்னிந்திய இருப்புப்பாதை தூத்துக்குடியைத் தொட்டது. அதன்பின் சென்னையிலிருந்து வண்டியில் தூத்துக்குடிக்குச் சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் ஓர் இரவு பயணம் செய்து கொழும்பை அடையும் வழி உண்டாயிற்று. ஆனால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குள்ள கடல் அகலமானது; அலை மிகுந்தது. இராமேசுவரத்தை நாடியவர்களுக்கோ இவ்வழி பயன்படவில்லை. 1897 ஜனவரியில் மேல்நாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர், கொழும்பு, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் உரையாற்றிவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் பாம்பனில் இறங்கினார். அங்கே பாஸ்கர சேதுபதி மன்னர் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். அக்காலத்தில் பாம்பனுக்கு இருப்புப்பாதை இல்லை. 1902-இல்தான் மதுரையிலிருந்து வந்த பாதை மண்டபத்தை எட்டியது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடல் குறுக்கிட்டது.

இரண்டு பாதைகளும் ஒரு கப்பலும்

இந்தியாவையும் இலங்கையையும் நேரே பாலத்தால் இணைத்துவிடலாம் என்று முதலில் எண்ணினர். செலவு மிகுதியாயிற்று, அந்த எண்ணம் கைவிடப்பட்டது. பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம் கட்டி, அதற்கப்பால் தனுஷ்கோடி வரைக்கும் இருப்புப்பாதை இட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விடுவது என்று முடிவு செய்தனர்.

சற்றேறக் குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. கப்பல்கள் ஊடே செல்லும்பொருட்டு அதன் நடுப்பகுதி, இரு கைகளும் மேல்நோக்கி எழுவதுபோல் திறக்குமாறு அமைந்திருந்தது. ஷெர்ஸர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறை அது. அதே ஆண்டில் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பலும், தலைமன்னாரிலிருந்து மதவாச்சிச் சந்திப்பு வரைக்குமான இலங்கைப் புகைவண்டியும் ஓடத் தொடங்கின. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று இந்திய வைசிராய்மாரின் பெயர் தாங்கிய மூன்று நீராவிக் கப்பல்கள் தென்னிந்திய ரயில்வேக் கம்பெனிக்கு உரியவை. பின்னாளில் இர்வின், கோஷன் என்னும் கப்பல்களும் இவ்வழியில் ஓடின. கடல்தூரம் சுமார் 35 கிலோமீட்டர்தான். தூத்துக்குடி வழியில் ஓர் இரவு முழுவதும் கடலில் கழித்தவர்க்கு, இங்கே சில மணி நேரமே கடல் இருந்தது.

நம் நாட்டுப் பாதை அக்காலத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு பாதை. இலங்கையின் முதன்மைப் பாதையோ ஐந்தரை அடி அகலமுள்ள பெரும்பாதை. ஆதலின் நடுவே கடலே இல்லாதிருந்தாலும் ஒரு வண்டி மற்றொரு பாதையில் ஓட இயலாது. மூட்டை முடிச்சுக்களோடு மக்கள் இறங்கியே ஏறவேண்டும். இரும்பினால் ஒன்றாக இணைக்க இயலாத இரண்டு பாதைகளைக் காகிதத்தினால் இணைத்தது அந்தப் பயணச்சீட்டு என்று கூறின் அது மிகையன்று.

எழும்பூரில் மாலை நேரத்தில் புறப்பட்ட அவ்வண்டிக்குப் போட்மெயில் என்று பெயர். கப்பலுக்குச் செல்லும் அஞ்சல் வண்டி என்பது பொருள். தாம்பரம், செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக இரவெல்லாம் ஓடி, மறுநாள் தனுஷ்கோடியை அடையும். அங்கே துறைக்கு அருகிலேயே நிலையம். சுங்கச் சோதனை முடிந்து கப்பலேறினால், அக்கரையில் தலைமன்னார்த் துறையில் கொழும்பு வண்டி காத்திருக்கும். அதற்கு மறுநாட் காலை கொழும்புக் கோட்டை நிலையம்.

சீட்டு செய்த வேலை

ஒரே சீட்டு என்றால் யாது? அதனை ஒரு வாக்குறுதி என்றே கொள்ளல் வேண்டும். எழும்பூரில் பணம் வாங்கியவர் தென்னிந்தியக் கம்பெனியார். தலைமன்னாரில் வண்டி விட்டவர் இலங்கை அரசினர். எழும்பூரில் செலுத்திய பணத்தைத் தலைமன்னார் நிலையத்தார் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும், இச்சீட்டை வைத்திருப்பவன் கட்டணம் செலுத்தியவன் என்று நம்பி அவனை ஏற்றிக்கொண்டனர். அவரவர்க்குரிய பங்கைப் பின்னர்க் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டனர். பயணிக்கு அக்கணக்கோடு தொடர்பில்லை. வழியில் கரன்சி மாற்ற வேண்டும், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும், அக்கரையில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் அச்சங்கள் அவனுக்கு இல்லை. முன்பின் அறியாத ஒருவன் எழுதிக்கொடுத்த சீட்டை மற்றொரு நாட்டான் மதித்து நடப்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி.

இந்த ஏற்பாட்டினால் சைவத்துக்கு விளைந்த நன்மை பெரிது. யாழ்ப்பாணத்து அடியார் மதவாச்சியில் வண்டி மாறித் தலைமன்னாருக்கு வந்து, கடல் கடந்து இராமேசுவரத்தை வழிபட்டு, மேலும் வண்டியேறிச் சிதம்பரத்தில் இறங்கினர். காற்றை நம்பிய பயணம், நேரம் குறித்த பயணமாயிற்று. நம் நாட்டு நாதசுர வித்துவான்களும், தவில் வித்துவான்களும், ஓதுவார்களும், சிற்பிகளும், புராணச் சொற்பொழிவாளர்களும் நல்லூர் முதலாய தலங்களின் திருவிழாவுக்கு அழைக்கப்பெற்று அவ்வழியே சென்றனர். தனுஷ்கோடிச் சுங்கத்தில் திருநீற்றுப் பையையும் உருத்திராக்கப் பெட்டியையும் அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கப்பலேறிய கதைகளை எம் ஆசிரியர் தலைமுறையினர் சுவைபடச் சொல்வர்.

போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்பவேண்டும் என்று நாவலர் 1872-இல் சைவர்களைத் தூண்டினார். அவர் விதைத்த விதை மெல்ல முளைத்தது. 1948-இல் திருப்பணிச் சபை அமைந்து பெரிய அளவில் பணி தொடங்கியது. இன்றும் தலைமன்னார்ப் பாதையில் திருக்கேதீச்சரம் என்னும் பெயரிலேயே ஒரு புகைவண்டி நிலையம் இருக்கின்றது. திருக்கச்சூரைப் பாடிய நாவே அத்தலத்தையும் பாடியது என்பதை நினைத்தால், இவ்வூர் வழியாகச் சென்ற அந்த வண்டியின் பெருமை நன்கு விளங்கும்.

கழுத்தில் தொங்கிய சீட்டு

இதுவரை கூறியது வரலாற்றின் ஒரு பக்கம். மறுபக்கத்தைக் கூறாதொழிந்தால் அது உண்மைக்கு மாறாகும். அடியார்க்கும் வணிகர்க்கும் மட்டுமாக எவரும் அக்கப்பலை விடவில்லை. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளில் பஞ்சத்தாலும் கடனாலும் நிலத்தை இழந்த ஏழை மக்களைக் கங்காணிகள் திரட்டி அழைத்துச் சென்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் சென்றனர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர் எண்ணிறந்தோர். பின்னர்த் தூத்துக்குடி வழியும், அதன்பின் மண்டபம் வழியும் வந்தன. மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் அமைத்தது. தோட்டங்களுக்குச் செல்வோரை அங்கே சில நாட்கள் தங்கவைத்து, அம்மையும் பேதியும் இல்லையெனக் கண்டபின்னரே கப்பலேற்றினர்.

இவர்களுக்கும் ஒரு கூட்டுச்சீட்டு இருந்தது. அது தகரத்தால் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்த அந்தத் தகரச் சீட்டில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தொங்கவிடுவதற்குத் துளையும் இருக்கும். அதனை உடையவர் காசு கொடாமலே தோட்டம் வரைக்கும் கொண்டுசேர்க்கப்படுவார். கட்டணம் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டத்தார் அதனைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதுவர். எழும்பூரில் அட்டைச் சீட்டு வாங்கியவன் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயணத்தை வாங்கினான். தகரச் சீட்டை அணிந்தவன் பயணத்தைப் பெற்றுக்கொண்டு கடனை வாங்கினான். முன்னவன் சீட்டில் அவன் போக விரும்பிய ஊரின் பெயர் இருந்தது. பின்னவன் சீட்டில் அவனைக் கேட்டிருக்கும் தோட்டத்தின் எண் இருந்தது.

தோட்டத்திலிருந்து விலக வேண்டுமானால் பழைய கடன் தீர்ந்ததற்கான துண்டு வேண்டும். அக்கடனைப் புதிய தோட்டத்தார் ஏற்றாலொழிய எங்கும் செல்லல் இயலாது. இத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதனையொட்டிப் பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் சுமத்தும் வழக்கமும் விலக்கப்பட்டது. 1939-இல் கூலியாட்களை இலங்கைக்கு அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது. அதற்குள் பல தலைமுறைகள் மலைநாட்டில் பிறந்து, தேயிலைச் செடிகளோடு வளர்ந்துவிட்டன. அவர்கள் சென்ற இடமெல்லாம் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எடுத்தனர். நம் நாட்டு ஊர்த் திருவிழாக்களை மலைச்சரிவில் நடத்தினர்.

ஒரே கப்பலின் மேல்தளத்தில் ஆதிரைத் தரிசனத்துக்குச் செல்லும் செல்வர் ஒருவர். கீழ்த்தளத்தில் கடனோடு செல்லும் குடும்பம் ஒன்று. இருவரும் நெற்றியில் நீறணிந்த தமிழர்களே. ஒருவருக்கு அது திருத்தல யாத்திரை. மற்றவர்க்கு மீளாப் பயணம்.

சீட்டு இருந்தும் நாடு இல்லாதவர்

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆயினர். குடிவரவுச் சட்டமும் அவ்வாண்டிலேயே வந்தது. அதன்பின் கடல் கடக்கச் சீட்டு மட்டும் போதாது. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் வேண்டும் என்றாயிற்று. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1964 அக்டோபர் 30-இல் ஓர் உடன்படிக்கை செய்தனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். மனிதரை இவ்வாறு பங்கிட்டுப் பேசியபோது, அவர்களை யாரும் கேட்கவில்லை.

உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன்னே கடல் எழுந்தது. 1964 டிசம்பர் 22 இரவு, பெரும்புயலும் கடற்பேரலையும் தனுஷ்கோடியை அழித்தன. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் கவிழ்த்தது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் அனைவரும் மாண்டனர். நிலையம், துறை, சுங்கச் சாவடி, அஞ்சலகம், கோயில், வீடுகள் யாவும் மணலும் இடிபாடும் ஆயின. அவ்வூர் மீண்டும் எழவில்லை; தனுஷ்கோடிப் பாதையும் திரும்ப இடப்படவில்லை.

ஆனால் இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். பாம்பன் பாலத்தின் உத்தரங்கள் பல கடலிற் சென்றன. இ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் மேற்பார்வையில் 46 நாட்களிலேயே பாலம் சீர்செய்யப்பட்டது. கடலில் வீழ்ந்த உத்தரங்களைத் தேடியெடுத்து மீண்டும் பொருத்தினர். தனுஷ்கோடி போனாலும் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விடப்பட்டது. பின்னாளில் இராமானுஜம் என்னும் பெயருடைய கப்பல் அவ்வழியில் ஓடியது. ஆக, கடல் அந்த வழியை முறித்தது என்பது முழு உண்மையன்று. கடல் முறித்ததை மனிதர் மீண்டும் கட்டினர்.

அக்கப்பலில் இப்போது மக்கள் எதிர்த்திசையில் வந்தனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மலைநாட்டுத் தமிழர் உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பினர். தாயகம் என்று நாம் சொன்னோமேயன்றி, அவருட் பலர் இம்மண்ணை அதற்குமுன் கண்டதில்லை. பாட்டன் சென்ற அதே மண்டபம் முகாமில் பேரன் வந்து இறங்கினான். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்காகவே 1968-இல் தொடங்கப்பெற்றன. தமிழகத்தின் வேறு பல இடங்களிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர்.

1983 ஜூலையில் இலங்கையில் நிகழ்ந்த கொடுமைகளும், அதன்பின் மூண்ட போரும் நீங்கள் அறிந்தவை. 1984-இல் இராமேசுவரம் – தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்த பல்லாயிரவர் அங்கேயே நின்றுவிட்டனர். அவர்கள் எந்நாட்டவர் என்பதற்கு முடிவு காண, 2003-இல் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் வரையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. போருக்கு அஞ்சியவரோ சீட்டும் இன்றி, கப்பலும் இன்றி, மீன்பிடி படகுகளில் இராமேசுவரக் கரையை அடைந்தனர். அவர்களையும் மண்டபம் முகாமே ஏற்றது. தோட்டத்துக்குச் சென்றவர், தோட்டத்திலிருந்து மீண்டவர், போருக்கு அஞ்சி வந்தவர் என மூவகைக் கண்ணீரையும் கண்ட மண் அது.

பிற நாட்டிலும் இது நிகழ்ந்ததுண்டு. கல்கத்தாவிலிருந்து கோவாலந்தோ வரைக்கும் வண்டியிலும், அங்கிருந்து பத்மா நதியில் நீராவிக் கப்பலிலும் நாராயண்கஞ்சுக்குச் சென்று, மீண்டும் வண்டியேறி டாக்காவை அடைந்தனர் வங்காளத்தார். நாட்டுப் பிரிவினை அவ்வழியை நலித்தது. 1965-ஆம் ஆண்டுப் போர் அடியோடு நிறுத்தியது. மாறாக, 1922-இல் பிரிட்டனிலிருந்து அயர்லாந்து பிரிந்து தனியரசாயிற்று. இடையே குருதி சிந்திய பகையும் இருந்தது. ஆயினும் இன்றும் பிரிட்டனின் நிலையங்களிலிருந்து ஹாலிஹெட் துறை வரை வண்டியிலும், அங்கிருந்து டப்ளினுக்குக் கப்பலிலும் செல்ல ஒரே சீட்டு விற்கின்றார்கள். இங்கிலாந்திலிருந்து ஹாலந்துக்கும் அவ்வாறே செல்லலாம். பகை வந்தால் சீட்டு மறைந்தே தீரும் என்பது விதியன்று. அதனைக் காப்பதும் விடுவதும் மனிதர் கையில் இருக்கின்றது.

இன்று

தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்தது. பின்னர் இந்திய உதவியுடன் மீண்டும் இடப்பட்டு, 2015 மார்ச்சில் வண்டி தலைமன்னாரை அடைந்தது. நம் பக்கத்தில், நடுப்பகுதி நேராக மேலெழும் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பெற்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருபுறமும் பாதை இருக்கின்றது. கடலும் அதே கடல்தான். எழும்பூரில் வாங்கிக் கொழும்பில் இறங்கும் அந்த ஒரே சீட்டு மட்டும் திரும்பவில்லை. இராமேசுவர வண்டியை மூத்தோர் இன்றும் போட்மெயில் என்றே அழைக்கின்றனர். போட் போய்விட்டது; பெயர் தங்கியிருக்கின்றது.

இவ்வூரிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கே செய்யப்படும் பொருள் லாரியிலும் வண்டியிலும் கப்பலிலும் மாறிமாறி ஏறிக் கடல் கடந்து செல்லுகின்றது. அப்பயணம் முழுவதற்கும் ஒரே ஆவணம் போதும்; 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு வழிசெய்துள்ளது. சரக்குக்கு ஒரே சீட்டு உண்டு. அதனைச் செய்த கைகளுக்கு அது இல்லை.

அக்கைகள் யாருடையவை? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பல நாள் வண்டியில் வந்து இறங்கியவர்கள் பலர். அவர்களைத் திரட்டி வருகின்றவர்க்கு இன்று ஒப்பந்தக்காரர் என்று பெயர்; அன்று கங்காணி என்று பெயர். ஒரே அறையில் பலர் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, திருவிழா நாளில் நம் தெருவில் தேர் செல்வதை ஓரமாய் நின்று பார்க்கின்றனர். நூறாண்டுக்கு முன் நம் பாட்டனார் மலைநாட்டில் எவ்வாறு நின்றாரோ, அவ்வாறே இவர்கள் இங்கு நிற்கின்றனர். அவர் அங்கே தம் அம்மனுக்குக் கோயிலெடுத்தபோது, அவ்வூரார் முகஞ்சுளித்தனரா, முகமலர்ந்தனரா என்பது அவருக்கு எத்துணைப் பெரிய செய்தியாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சீட்டின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. ஓரிடத்தில் பெற்றுக்கொண்ட நம்பிக்கையை மற்றோர் இடத்தார் மதித்து நிறைவேற்றும்போதுதான் பயணி பயணியாக இருக்கின்றான். அவ்வாறு மதிக்காதபோது அவன் சரக்காகின்றான், அல்லது அகதியாகின்றான். அரசுகள் செய்யவேண்டிய பகுதியை அரசுகள் செய்யட்டும். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் மீண்டும் கப்பல் விடுமாறு கேட்பது நம் உரிமை. நம் தெருவில் வந்து இறங்கியவனை எவ்வாறு ஏற்பது என்பதற்கு மட்டும் எந்த அரசையும் நாம் கேட்கவேண்டியதில்லை.

திருக்கச்சூரில் பெருமான் ஓடேந்திச் சென்ற வீடுகளை எண்ணிப் பாருங்கள். சோறிட்ட அவ்வில்லத்தார் வந்தவர் யார் என்று அறியார். யாருக்காக இரக்கின்றார் என்றும் அறியார். வெயிலில் ஒருவர் வந்து நின்றார், இட்டனர். அவ்வளவே. நம்பியாரூரர் பசியாறியது இறைவன் அருளால் என்பது உண்மை; அவ்வருள், பெயர் தெரியாத அம்மகளிரின் அடுக்களைகளின் வழியாகவே வந்தது என்பதும் உண்மை. இவ்விழா நாட்களில் அன்னம்பாலிப்பு நடக்கின்றது. பந்தி விரிக்கும் அன்பர்கள், நம் மொழி பேசத் தெரியாது வாயிலில் தயங்கி நிற்பவர்களை முதலில் கைப்பிடித்து உள்ளே அழைத்து அமர்த்துவார்களாக.

திருச்சிற்றம்பலம்